ரெண்டு தலைக்கு ஒரு ரசீது

"எதுக்குக் கட்டணும்?" என்று கருவூல ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் கேட்டார்.

"நாட்டோட கடன் சார். ரெண்டு தலைக்கு," என்றார் சலூன்காரர்.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அன்று காலையிலிருந்து அவர் முகம் பார்த்த முதல் ஆள் இவர்தான். சலவைச் சட்டை, நெஞ்சோடு அணைத்த துணிப்பை, மழமழவென்று தானே சிரைத்துக்கொண்ட முகம்.

"எந்தத் தலைப்பு?"

"என் தலை ஒண்ணு, வீட்டுக்காரி தலை ஒண்ணு."

"தலை இல்லீங்க, தலைப்பு. கணக்குத் தலைப்பு. இங்க சல்லிக்காசு வாங்கினாலும் அது எதுக்கு வந்துச்சுன்னு எழுதியாகணும். தண்ணி வரியா, அபராதமா, பத்திரக் கட்டணமா?"

"கடன் சார்."

"யாரு வாங்கின கடன்?"

"நாடு வாங்கினது."

"நாடு வாங்கினதை நீங்க ஏன் கட்டறீங்க?"

"ஒவ்வொருத்தர் தலையிலயும் இவ்வளவு இருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்கு. எங்க தலையில இருக்கறதை இறக்கி வச்சிடலாம்னு வந்தேன்."

வரிசையில் பின்னால் நின்றவர் ஒருவர், "நம்மகிட்ட எல்லாம் துரத்தித் துரத்தி வாங்கறாங்க. தானா கட்ட வந்த மனுஷனுக்கு வாங்க ஆள் இல்லை," என்றார். எழுத்தருக்குக் காது சிவந்தது. எதிரில் கிடந்த தடித்த புத்தகத்தைப் புரட்டினார். அதில் ஆயிரம் தலைப்புகள் இருந்தன, இவருக்கு ஏற்ற தலைப்பு மட்டும் இல்லை.

"நாளைக்கு வாங்க," என்றார். அரசாங்க அலுவலகத்தில் தலைப்பு இல்லாமல் வழங்கப்படுவது இந்த ஒன்றுதான்.

சலூன்காரர் துணிப்பையை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாளை மறுநாளுக்குள் ரசீது கைக்கு வராவிட்டால் வீட்டில் ஓர் உயிர் ஊசலாடும்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. அவருடைய சம்சாரத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு வெகுநாள் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அந்த அம்மாள் எழுந்து நடமாட முடியும். மருத்துவ அட்டை இருந்ததால் அதற்குச் செலவில்லை. கணவரும் மனைவியும் அதை ஒரு வரமாக நினைத்து, யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று வாயைத் திறக்காமல் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பென்ஷன்காரர் சவரத்துக்கு வந்தார். பழைய வாடிக்கை. முகமெல்லாம் நுரையோடு பேப்பரை விரித்துக்கொண்டு, நாட்டுக்கு ஏறியிருக்கும் கடனை உரக்க வாசித்தார். தலைக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்தும் போட்டிருந்தது.

"ஏறாம என்ன செய்யும்?" என்றார். "இலவச வைத்தியம், இலவசச் சாப்பாடு, அதுக்கு மானியம், இதுக்கு மானியம். உழைக்கறவன் ஒருத்தன், உக்காந்து வாங்கறவன் ஒன்பது பேர். எல்லாம் அடுத்தவன் காசு."

தன்னுடைய பென்ஷனை அவர் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தொண்டையில் கத்தி இருக்கும்போது இவ்வளவு பேசுகிற தைரியமும் எல்லோருக்கும் வராது. அவர் மறந்தது ஒன்றுதான். கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு.

அன்று மாலை சம்சாரம் சொன்னார்: "நான் இனிமே ஆஸ்பத்திரிக்குப் போகலை."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. அடுத்தவங்க காசுல எதுக்கு நான் மூச்சு விடணும்? கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அவர் ஏதோ பொழுது போகாம பேசினார்."

"பேசினதுல பொய் எது?"

ஒரு பிளேடுகூடக் கடனுக்கு வாங்காத மனிதர் சலூன்காரர். யார் காசில் என்ற கேள்வி அவருக்குள்ளும் முள்ளாகக் கிடந்ததுதான். செவ்வாய்க்கிழமை முறை வந்தது, சம்சாரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கணுக்கால் வீங்கியது. சலூன்காரர் பயந்து போனார்.

"சரி, இப்படி வச்சுக்கலாம்," என்றார். "நம்ம ரெண்டு தலைக்கும் எவ்வளவுன்னு போட்டிருக்கானோ அதைக் கட்டிடறேன். அப்புறம் யாரும் நம்மை ஒரு சொல் சொல்ல முடியாதுல்ல?"

சம்சாரம் எழுந்து உட்கார்ந்தார். "ரசீது கொண்டு வாங்க. அப்புறம் வரேன்."

தபாலாபீஸில் இரண்டு பேர் பெயரிலும் சேமிப்பு இருந்தது. கல்யாணமான புதிதில் தொடங்கியது. கத்தரிக்கோல் ஓய்ந்த பிறகு சாப்பாட்டுக்கு ஆகும் என்று, மாதம் தவறாமல் போட்டு வந்தது. சம்சாரம் கையெழுத்துப் போட, மறுநாளே அவர் அதை வழித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு கருவூலத்துக்கு நடந்தார். அங்கே நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

அடுத்த நாள் ஜன்னல் திறக்கும்போதே சலூன்காரர் நின்றார். எழுத்தர் பெருமூச்சு விட்டார். இரவெல்லாம் அவரும் யோசித்திருப்பார் போலிருக்கிறது.

"உங்க சம்சாரத்துக்கு அரசாங்க உதவி ஏதாவது வருதா?"

"வைத்தியத்துக்கு அட்டை இருக்கு சார்."

எழுத்தரின் முகம் மலர்ந்தது. "அதை முதல்லயே சொல்லக் கூடாதா? 'பெற்ற உதவியைத் திருப்பிச் செலுத்துதல்'னு ஒரு தலைப்பு இருக்கு. அட்டை எண்ணைச் சொல்லுங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணா சார்?"

"அரசாங்கத்துக்குப் பணம் போகுது, உங்களுக்கு ரசீது வருது. வேற என்ன வேணும்?"

வேறெதுவும் வேண்டாம்தான். முத்திரை குத்திய ரசீதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டில் சம்சாரம் அதை மூன்று தடவை படித்தார். தலைப்பு அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. முத்திரை புரிந்தது. தலைவாரி, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு, ரசீதைக் கைப்பையில் வைத்து, பல வருஷத்துக்குப் பிறகு நிமிர்ந்த தலையோடு ஆஸ்பத்திரிக்குள் போனார். பின்னால் நடந்த சலூன்காரருக்குக் கண் கலங்கியது.

பதிவு மேசையில் இருந்த நர்ஸ் அட்டையைத் தேய்த்தார். இன்னொரு தடவை தேய்த்தார்.

"அட்டை ரத்தாகியிருக்கேம்மா."

"எப்படிம்மா ரத்தாகும்?"

"தகுதி இல்லாம வாங்கினதை நீங்களே ஒத்துக்கிட்டுத் திருப்பிக் கட்டிட்டீங்கன்னு காட்டுது."

"கட்டினது நிஜம்தான். ரசீதே இருக்கு, பாருங்க," என்று சம்சாரம் பெருமையாக எடுத்து நீட்டினார்.

நர்ஸ் தலைப்பை வாசித்தார். அதுவரை கணினியில் ஏதோ கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் இப்போது மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். மேற்பார்வையாளர் ரசீதைப் பிரதி எடுத்துக் கோப்பில் சேர்த்தார். குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியத்தைக் கொண்டுவந்து கொடுப்பது அவருடைய அனுபவத்தில் அதுவே முதல் தடவை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சம்சாரம் சுவரைப் பிடித்து நின்றார். மூச்சு வாங்கியது. சலூன்காரர் அன்றே தனியார் மருத்துவமனையில் ஒரு முறைக்கு ஏற்பாடு செய்தார். அதற்காகக் கடையின் இரண்டாவது நாற்காலியை விற்றார். சுழலும் நாற்காலி, அவர் ஆசை ஆசையாக வாங்கியது. வாங்கியவன் அதைத் தள்ளிக்கொண்டு போவதை அவர் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டார்.

நலத்துறை அலுவலகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுக் கதையையும் கேட்டார்.

"உங்க மேல தப்பு இல்லைன்னா ஏன் திருப்பிக் கட்டினீங்க?"

"தப்பு பண்ணினதால கட்டலை சார். தப்பு ஆயிடக் கூடாதேன்னு கட்டினேன்."

அதிகாரி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே." உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்களுக்கு இப்ப ரெண்டு வழி இருக்கு. கட்டினது கட்டினதாவே இருந்தா, நீங்க ஒத்துக்கிட்ட குற்றவாளி. அட்டை கிடையாது. பணத்தைத் திருப்பி வாங்கினீங்கன்னா, அது இந்த வருஷத்து வருமானம். வருமானம் வரம்பைத் தாண்டிடும். அப்பவும் அட்டை கிடையாது."

"ஐயோ சார், அது என் பணம்தானே. தபாலாபீஸ்ல கிடந்தது."

"அங்க கிடந்த வரைக்கும் அது சேமிப்பு. சேமிப்புக்கு வேற வரம்பு, அதுக்குள்ளதான் இருந்தீங்க. எடுத்து எங்ககிட்ட குடுத்துட்டு நாங்க திருப்பிக் குடுத்தா வருமானம்."

"மூணாவது வழி இல்லையா சார்?"

"ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க. எதுக்காகக் கட்டினீங்கன்னு விளக்கமா எழுதுங்க. உதவியைத் திருப்பிக் கட்டலை, வேற நோக்கம்னு தெளிவா வரணும்."

சலூன்காரருக்கு எழுத்து அவ்வளவு வராது. ஞாயிற்றுக்கிழமை பென்ஷன்காரர் வந்தார். ஒற்றை நாற்காலியைப் பார்த்து விசாரித்தார். விசாரித்த பிறகு, நுரை பூசிய முகத்தோடு கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"நான் பொதுவாச் சொன்னேன்ப்பா. உங்க வீட்டம்மாவைச் சொல்லலை."

"பொதுவாச் சொன்னதுதான் சார் வீட்டுக்குள்ள வந்துடுச்சு," என்றார் சலூன்காரர். கோபம் இருந்தது, ஆனால் கத்தி கையில் இருந்ததால் குரலைத் தாழ்த்தியே சொன்னார்.

"விண்ணப்பத்தை நான் எழுதறேன்," என்றார் பென்ஷன்காரர். "காலமெல்லாம் அதைத்தான் எழுதினேன்."

மனம் உறுத்தியதால் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டார். 'தாய்நாட்டின் சுமையைத் தம் தோளில் ஏற்கும் பேரார்வத்தால், எவ்விதக் கைம்மாறும் கருதாது, மனமுவந்து அளித்த கொடை' என்று போட்டார். படித்துக் காட்டும்போது அந்த இடத்தை இரண்டு தடவை படித்தார்.

விண்ணப்பம் வேலை செய்தது. இதுவரை எந்த விண்ணப்பத்துக்கும் நேராத வேகத்தில் மேலே போனது. குற்றவாளிகள் பட்டியலிலிருந்து சலூன்காரர் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுத்து, பெருங்கொடையாளர் பட்டியலில் வைத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று வந்தது. கூடவே, கொடையாளர்கள் வசதி படைத்தவர்கள் என்பதால் கடைக்கு இருந்த மின்சார மானியம் நிறுத்தப்படுகிறது என்று ஒரு தகவலும் வந்தது. மருத்துவ அட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தெருவிலும் பேச்சு பரவிவிட்டது. ஒருவர் கடைக்கு வந்து, தன் தலைக்கும் சேர்த்துக் கட்டிவிட முடியுமா, மெதுவாகக் கொடுத்துவிடுகிறேன் என்றார். முழு வழுக்கைக்காரர் ஒருவர் தன் தலைக்கு ஏதாவது குறைத்து வாங்குவார்களா என்று விசாரித்தார். பாதிப் பேர் சிரித்துவிட்டு முடி வெட்டாமல் போனார்கள். மீதிப் பேருக்கு, இவ்வளவு பணம் வைத்திருந்தவர் நம்மிடம் ஏன் கூலி வாங்குகிறார் என்று தோன்றிவிட்டது.

அடுத்த முறை தனியார் மருத்துவமனைக்குச் சலூன்காரர் பெரிய நிலைக்கண்ணாடியை விற்றார். அதற்கடுத்த முறைக்கு விற்க ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் கைநீட்டிக் கடன் வாங்கினார். நாட்டுக் கடனை அடைக்கப் போய்ச் சொந்தக் கடன் வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பாராட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி நலத்துறை அதிகாரியிடம் போனார். "சார், இதை எடுத்துக்குங்க. எனக்கு அட்டையைக் குடுங்க."

அதிகாரி பத்திரத்தைப் பார்த்தார், சலூன்காரரின் முகத்தைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இப்ப கையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை சார்."

"சேமிப்பு?"

"துடைச்சு எடுத்துக் கட்டிட்டேனே."

"நாற்காலி, கண்ணாடி?"

"வித்துட்டேன்."

"கடன்?"

"இருக்கு சார். இப்ப என் பேர்லயே இருக்கு."

அதிகாரியின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "ரொம்ப சந்தோஷம். முன்னாடி நீங்க ஏதோ பாதித் தகுதியிலதான் இருந்தீங்க. இப்ப முழுத் தகுதி. புதுசாவே மனு போட்டுடலாம். தபாலாபீஸ்ல கணக்கை முடிச்சு, மிச்சம் எதுவும் இல்லைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. திங்கட்கிழமை அட்டை கையில இருக்கும்."

கூட்டுக் கணக்கு என்பதால் முடிப்பதற்கு இரண்டு பேரும் நேரில் போக வேண்டியிருந்தது. சம்சாரத்தின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. கணவருடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்தபடி, பத்து எட்டு நடப்பதும் நிற்பதுமாக வந்தார்.

"திங்கட்கிழமை அட்டை வந்துடும்," என்றார் சலூன்காரர்.

"வரட்டும். நான் போகலை."

"மறுபடி ஆரம்பிக்காதே."

"இல்லைங்க. கட்டாதப்ப ஓசின்னாங்க. கட்டினப்ப திருடின்னாங்க. அப்புறம் பணக்காரின்னாங்க. இப்ப ஒண்ணும் இல்லாதவன்னு எழுதி வாங்கிக்கிட்டு மறுபடி அதே ஓசிக்குப் போகணுமா? என்னால உங்க கடையே போச்சு. போதும்."

சலூன்காரர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "கடை போனா போகுது. நீ போயிட்டா நான் யாருக்காகக் கத்தரிக்கோலைப் பிடிக்கறது?" என்றார். அந்த அம்மாள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், ஆனால் போகிறேன் என்று சொல்லவில்லை.

தபாலாபீஸில் சேமிப்பு ஜன்னலில் இருந்த பெண்மணிக்கு இவர்களை நன்றாகத் தெரியும். மாதா மாதம் பார்த்த முகங்கள்.

"கணக்கையே முடிக்கறீங்களா? அன்னிக்கு மொத்தமா எடுத்தப்பவே கேக்கணும்னு நினைச்சேன், கூட்டமா இருந்துச்சு. வீடு கீடு வாங்கினீங்களா?"

"இல்லைம்மா," என்றார் சலூன்காரர். சொல்ல வெட்கமாக இருந்தது. "நாட்டுக் கடன்ல எங்க பங்கைக் கட்டினோம்."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. கையில் எடுத்த முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். "இங்கிருந்து எடுத்தா கட்டினீங்க?"

"ஆமாம்மா. வேற ஏது எங்களுக்கு?"

"ஐயா, நீங்க இங்க போட்டதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளயே கிடந்துச்சுன்னா நினைச்சீங்க? அப்பப்ப அரசாங்கம் எடுத்துக்கும். ரோடு போடும், ஆஸ்பத்திரி கட்டும், மிஷின் வாங்கும்."

"எடுத்துக்குமா? சும்மாவா?"

"சும்மா எடுத்தா விடுவீங்களா? கடனாத்தான் எடுக்கும். அதுக்குத்தானே வருஷா வருஷம் வட்டி குடுத்தோம். நாட்டுக் கடன்னு பேப்பர்ல போடறாங்களே, அதுல இந்த ஜன்னல்ல வாங்கினதும் சேர்த்தி."

சலூன்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சம்சாரம்தான் அவரை மெதுவாக ஒதுக்கிவிட்டு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு நெருங்கி வந்தார். இத்தனை நாளாக அந்த அம்மாளை அரித்தது ஒரே கேள்விதான், அதைக் கேட்டார்.

"அப்போ நான் இத்தனை வருஷமா யார் காசுலம்மா வைத்தியம் பாத்துக்கிட்டேன்?"

"உங்க காசுலதாம்மா. நாடு கடன்பட்டிருந்ததே உங்ககிட்டதான்."